பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த வெள்ளிக் கிண்ணம்: இந்த மூன்று எழுத்துகள் யாருடையவை?

மேப்பிள்நிழல்
எல்லாருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் 11 வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பாட்டிக்கு 89 வயது. போன மாதம் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு துணிப் பையைக் கையில் வைத்தார். "எனக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடம் என் வாசலில் பனி வாரிப் போட்டவள் நீ. நீ வைத்துக்கொள்" என்றார். வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன்.

உள்ளே வெள்ளிக் கிண்ணம் ஒன்று, 5 அங்குல அகலம். பக்கவாட்டில் தட்டையாக ஒரே ஒரு கைப்பிடி, அதில் பூ வேலை மாதிரி துளைகள். கைப்பிடியின் மேல் முக்கோணமாக மூன்று எழுத்துகள்: மேலே ‘எச்’, கீழே இடப்பக்கம் ‘ஐ’, வலப்பக்கம் ‘எம்’. நீள்வட்ட முத்திரைக்குள் ‘ஹர்ட்’ என்று இருக்கிறது. அடியில் யாரோ ஊசியால் கீறியது போல ‘8 அவுன்ஸ் 4’. அப்புறம் ஐந்து டீஸ்பூன், ரொம்ப மெல்லியவை, கைப்பிடி ஃபிடில் (வயலின்) வடிவம், சாய்ந்த எழுத்தில் ‘எஸ் எச்’, செய்தவர் பெயர் தேய்ந்திருக்கிறது. கூடவே நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். அதில் பழுப்பு மையில்: "ரெவியர் செய்தது. மேஃபிளவர் கப்பலில் வந்த குடும்பத்தினுடையது. என் அம்மாவின் அம்மாவிடமிருந்து எனக்கு."

இவை நிஜமாகவே பழையவையா? யாருடையவை? பாட்டிக்கு வேறு மாநிலத்தில் அக்கா மகள் ஒருத்தி உண்டு. இதை நான் வைத்துக்கொள்வது சரியா என்றே தெரியவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

உரைகல்
முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். திரவத்தில் முக்கி எடுக்கும் கிளீனர் பக்கமே போக வேண்டாம். ரப்பர் பேண்ட் எதுவும் சுற்றியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

நான் வெள்ளி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன், இப்போது நியூஜெர்சியில் நகை பழுதுபார்க்கிறேன். நீங்கள் சொல்லும் கிண்ணத்துக்கு இங்கே பாரிஞ்சர் என்று பெயர். கஞ்சி, கூழ், பால் எது வேண்டுமானாலும் ஊற்றிக் குடிக்கலாம். குழந்தைக்கு ஊட்டவும் நோயாளிக்குக் கொடுக்கவும் வைத்துக்கொள்வார்கள். சில சோதனைகள் செய்து சொல்லுங்கள்.

ஒன்று, கிண்ணத்தின் உள்ளே அடி நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு குழி இருக்கிறதா? தட்டையான தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கிண்ணமாக எழுப்பும்போது, வட்டம் பிசகாமல் இருக்க நடுப்புள்ளி குத்திக்கொள்வார்கள். அந்தத் தடம் அப்படியே தங்கிவிடும். இரண்டு, முத்திரையின் மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு இருந்தால் தெரிந்துவிடும். பழைய ஸ்பூனில் இருந்த நல்ல முத்திரையை வெட்டி எடுத்து, சாதாரணக் கிண்ணத்தில் பதித்துப் பற்றவைத்து விற்றவர்கள் இருக்கிறார்கள். கைப்பிடி தனியாக வார்த்து ஒட்டியதுதான், அங்கே கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். மூன்று, சமையலறைத் தராசில் எடை போடுங்கள்.

பழையபாஸ்டன்
படிக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. முத்திரை உண்மையாக இருந்தால் அது ஜேக்கப் ஹர்ட். பாஸ்டனில் 1720களிலிருந்து 1750கள் வரை வேலை செய்தவர், 1758-ல் இறந்தார். அந்தத் தலைமுறையில் பாஸ்டனில் அதிகமாக வெள்ளி செய்தவர்களில் ஒருவர். மகன் நத்தானியல் நல்ல பொறிப்பு வேலைக்காரர்.

துண்டுக் காகிதத்தைப் பற்றி. பால் ரெவியர் என்ற பாஸ்டன் வெள்ளிக்காரர் பிறந்தது 1735 ஜனவரி 1 (பழைய நாட்காட்டிப்படி 1734 டிசம்பர்). இங்கிலாந்திலிருந்து குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃபிளவர் கப்பல் வந்தது 1620. ரெவியர் செய்த கிண்ணம் அந்தக் கப்பலில் வந்திருக்க முடியாது, முத்திரையும் ஹர்ட்டுடையது. ஆனால் எழுதியவரைப் பொய் சொன்னவராக நினைத்துவிடாதீர்கள். 1876-ல் நாட்டின் நூற்றாண்டு விழா வந்ததிலிருந்து நியூ இங்கிலாந்து முழுக்க வீட்டுப் பெண்கள் பாட்டி காலத்துப் பொருள்களை எடுத்துத் துடைத்து, காகிதத்தில் குறிப்பெழுதி உள்ளே வைக்க ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த வெள்ளிக்காரர் பெயர் ரெவியர்தான், அதனால் பாஸ்டன் வெள்ளி எல்லாம் ரெவியர் ஆனது. குறிப்பில் கவனிக்க வேண்டியது கடைசி வரிதான்: "என் அம்மாவின் அம்மாவிடமிருந்து எனக்கு." அதை எழுதியவருக்கு அது நேரடியாகத் தெரிந்த விஷயம்.

ரெவியர் குடும்பமே ஒரு குடியேறியின் குடும்பம்தான். அப்பா அப்போலோஸ் ரிவோயர், ஹியூகனாட், அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டண்ட். சிறுவனாகத் தனியே பாஸ்டன் வந்து ஜான் கோனி என்ற வெள்ளிக்காரரிடம் தொழில் பழகினார், பிறகு பெயரை இங்கிலீஷ் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். மகன் ரெவியரின் கணக்குப் புத்தகங்கள் 1761 முதல் 1797 வரை இருக்கின்றன, மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில். யாருக்கு என்ன செய்தார், எத்தனை அவுன்ஸ் என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்.

கரையோரம்
மூன்று எழுத்து முக்கோணத்துக்கு யாராவது பொருள் சொல்லுங்களேன். நான் வாங்கிய ஒரு சின்னக் குவளையிலும் இதே அமைப்பு இருக்கிறது.

பழையபாஸ்டன்
மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. கீழே இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. அந்தக் காலத்தில் ‘ஜே’ எழுத்துக்கும் ‘ஐ’ தான் வெட்டுவார்கள். எனவே மேப்பிள்நிழல் அக்காவின் கிண்ணத்தில் ‘ஐ’ என்பது ஜான், ஜோசப், ஜேம்ஸ், ஜொனாதன் இப்படி ஏதோ ஒன்று. ‘எம்’ என்பது மேரி, மார்த்தா, மெர்சி இப்படி. கல்யாணத்தை ஒட்டி வாங்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நியூயார்க் டச்சுக் குடும்பங்களின் பழைய கிண்ணங்களிலும் கணவன் மனைவி எழுத்துகள் சேர்ந்தே வரும். அங்கே குழந்தை பிறந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி, உலர்ந்த திராட்சை ஊறிய பிராந்தியை ஒரே பெரிய வெள்ளிக் கிண்ணத்திலிருந்து ஸ்பூனால் எடுத்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. வெள்ளிக்காரர் கொர்னேலியஸ் கீர்ஸ்டேட் செய்த ஆறு மடிப்புக் கிண்ணங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மேப்பிள்நிழல்
உரைகல் சார், நடுப்புள்ளி இருக்கிறது! ஊதிப் பார்த்தேன், முத்திரையைச் சுற்றி எந்தக் கோடும் இல்லை. எடை 250 கிராம். ஐந்து ஸ்பூனும் சேர்ந்து 66 கிராம்.

உரைகல்
மிக்க சந்தோஷம். கணக்கைப் பாருங்கள். அடியில் கீறியிருப்பது 8 அவுன்ஸ் 4 பென்னிவெயிட். இது ட்ராய் அவுன்ஸ், ஒன்று 31.1 கிராம். 20 பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ். அப்படியானால் செய்த காலத்தில் எடை ஏறக்குறைய 255 கிராம். இப்போது 250. சுமார் 280 வருடத் துடைப்பில் 5 கிராம் போயிருக்கிறது. கைப்பிடியை மாற்றியிருந்தாலோ, அடியை வெட்டி ஒட்டியிருந்தாலோ எடை இவ்வளவு நெருங்கி வராது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எடையை ஏன் அடியிலேயே கீறி வைத்தார்கள் என்றால், அது பணம். 1780கள் வரை அங்கே வங்கியே கிடையாது, மாசசூசெட்ஸ் வங்கி 1784-ல்தான் வந்தது. கையில் இருந்தது பெரும்பாலும் ஸ்பானிஷ் வெள்ளி நாணயம், ஒன்று 27 கிராம். ஒன்பது, பத்து நாணயத்தை வெள்ளிக்காரரிடம் கொடுத்தால் உருக்கி இப்படி ஒரு கிண்ணம் செய்து கொடுப்பார், கூலி தனி. பை நிறைய நாணயம் திருடு போனால் அடையாளம் சொல்ல முடியாது. எழுத்து வெட்டிய கிண்ணம் திருடு போனால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம், திருடன் விற்கப் போகும் இடத்தில் வெள்ளிக்காரரே முத்திரையைப் பார்த்துப் பிடித்துவிடுவார். அப்படிப்பட்ட விளம்பரங்கள் அந்தக் காலப் பத்திரிகைகளில் நிறையவே உண்டு.

இங்கிலாந்து வெள்ளியில் இருக்கிற சிங்க முத்திரை, ஆண்டு எழுத்து எதுவும் இதில் இருக்காது. காலனிகளில் அரசுத் தரச் சோதனை நிலையம் இருந்ததில்லை. 1814-ல் பால்டிமோரில் மட்டும் ஒன்று தொடங்கி, கட்டாயச் சோதனை 1830 வரை நடந்தது. மற்றபடி செய்தவரின் பெயர்தான் உத்தரவாதம். ‘டச்’, அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்பதை அவர் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டியதுதான்.

ஏலக்கூடம்
நான் வேறு மாதிரிப் பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பரிசாகக் கொடுத்தது உங்களுடையது. ஹர்ட் முத்திரை தெளிவாக இருக்கிற பாரிஞ்சருக்கு அமெரிக்க ஏலங்களில் நல்ல விலை கிடைக்கும். உங்கள் மகள் படிப்புக்கு ஆகும். ஸ்பூன்கள் பிற்காலத்தவை, செய்தவர் பெயரும் தேய்ந்துபோயிருக்கிறது, அவற்றுக்கு உருக்கு விலைக்கு மேல் பெரிதாக வராது. கிண்ணத்தைத் தனியாக, ஸ்பூன்களைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். காகிதத்தில் இருப்பது தப்பான தகவல், அதைக் கூட வைத்தால் வாங்குபவருக்குச் சந்தேகம்தான் வரும்.

ஆவணப்பெட்டி
ஏலக்கூடம் சார் சொன்னதில் முதல் பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை, அது அக்காவின் முடிவு. ஆனால் பிரிப்பதைப் பற்றி மன்றாடிக் கேட்கிறேன், பிரிக்காதீர்கள்.

கிண்ணத்தில் ‘எச்’. ஸ்பூனில் ‘எஸ் எச்’. இரண்டிலும் அதே ‘எச்’. ஃபிடில் வடிவக் கைப்பிடி ஸ்பூன்கள் 1810 வாக்கில் பரவலாகி அரை நூற்றாண்டு ஓடியவை. கல்யாணத்துக்கு முன் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரின் எழுத்துகளோடு ஸ்பூன் செய்து கொடுப்பது அங்கே வழக்கம். அதாவது ‘எச்’ குடும்பத்தில் பிறந்த ‘எஸ்’ என்ற பெண், 1800களின் முதல் பாதியில் கல்யாணமாகிப் போகும்போது கொண்டுபோன ஸ்பூன்கள் இவை. கிண்ணமும் அவளோடு போயிருக்கிறது. இந்தச் சங்கிலியை நமக்குச் சொன்னதே அந்த ‘உருக்கு விலை’ ஸ்பூன்கள்தான். ஸ்பூன் போய்விட்டால் கிண்ணம் வெறும் ஹர்ட் கிண்ணமாகிவிடும்.

தேட வழி இருக்கிறது. எப்போதும் தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பாட்டியிடம் அவர் அம்மா, அம்மாவின் அம்மா பெயர்களைக் கேளுங்கள். மாசசூசெட்ஸில் 1850 வரையான பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் ஊர் வாரியாக அச்சில் வந்திருக்கின்றன. 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வீட்டில் இருந்த எல்லார் பெயரும் இருக்கும், அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் 1845-லிருந்து இருக்கிறது, நேரில் போனால் உட்கார்ந்து உதவுவார்கள். கடைசியாக மாவட்ட உயில் ஆவணங்கள். அதில் ஒரு விஷயம்: கணவன் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். விதவையின் உயிலையும் தேடுங்கள். கல்யாணமான பெண்ணுக்குத் தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராத காலம் அது. விதவையான பிறகுதான் அவள் குரல் எழுத்தில் வரும். நிலம் மகன்களுக்கு, வெள்ளியும் துணியும் படுக்கையும் மகள்களுக்கு என்று போகும்.

கரையோரம்
ஆவணப்பெட்டி சொன்னதை நானும் அனுபவித்திருக்கிறேன். என் சின்னக் குவளையை வாங்கிய கடையிலேயே சுத்தம் செய்யக் கொடுத்தேன். ‘எழுத்து இல்லாவிட்டால் மறுபடி விற்க எளிது’ என்று ஒரு பக்கத்து எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். அந்த இடம் இப்போது விரல் வைத்தால் பள்ளமாக இருக்கிறது. இரண்டு பேருடைய பெயர் அது. நான் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்கள், கேட்கத் தோன்றவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

உரைகல்
பள்ளமாக இருந்தாலும் ஊதிப் பாருங்கள் தம்பி. ஆழமாக வெட்டிய எழுத்து சில சமயம் நிழல் போலத் தெரியும். தெரிந்தால் உடனே சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

இப்படி மாற்றுவது புதிதல்ல. 1800களில் மதுவிலக்கு இயக்கம் வந்தபோது, தாத்தா காலத்து பியர் குவளைகளுக்கு, அந்த மூடி போட்ட பெரிய டாங்கர்ட்களுக்கு, மூக்கு ஒட்டித் தண்ணீர் ஜாடி ஆக்கினார்கள். பின்னாளில் சேகரிப்பவர்கள் அந்த மூக்கைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தார்கள். என்னைக் கேட்டால் மூக்கோடு விட்டிருக்கலாம், அதுவும் அந்தக் குடும்பத்தின் கதைதானே.

பழையபாஸ்டன்
விதவைகள் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெலவேரில் விண்டர்தூர் அருங்காட்சியகத்தில் ரெவியர் செய்த ஆறு டாங்கர்ட்கள் ஒரே அச்சாக வரிசையாக நிற்கின்றன. 1772-ல் செய்தவை. மேரி பார்ட்லெட் என்ற விதவை, ப்ரூக்ஃபீல்டு ஊரின் மூன்றாம் தேவாலயத்துக்குக் கொடுத்த கொடை. அவர் பெயர் ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்துக் காங்கிரிகேஷனல் (ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவு) தேவாலயங்களில் வீட்டில் பியர் குடித்த குவளையையே நற்கருணைக்கும் வைத்துக்கொள்வார்கள், அதனால் இப்படி உயிலில் எழுதி வைப்பது சாதாரணம். அந்த ஆறையும் பார்க்கும்போது ரெவியரை விட அந்த அம்மாவைத்தான் நான் அதிகம் நினைத்தேன்.

சாந்தோம்காரி
நான் சென்னையிலிருந்து. இந்தப் பொருள்களைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் பெரிய அமெரிக்க வெள்ளிச் சேகரிப்பு இருக்கிறதாமே? எலிஹு யேல் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

பழையபாஸ்டன்
ஆமாம், அவரேதான். பாஸ்டனில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்து போய், 1687 முதல் 1692 வரை மெட்ராஸ் ஆளுநர். அவர் அனுப்பிய சரக்கை விற்ற பணத்துக்காகத்தான் 1718-ல் கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். வெள்ளிச் சேகரிப்பு பிற்காலத்தில், 1930-ல் பிரான்சிஸ் கார்வன் தன் மனைவி மேபல் பெயரில் கொடுத்தது. நம் இழைக்குச் சம்பந்தம் உண்டு: அங்கேதான் ஜேக்கப் ஹர்ட் செய்த டிங் கோப்பை இருக்கிறது. 1744-ல் கேப்டன் எட்வர்ட் டிங் ஒரு பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பலைப் பிடித்ததற்காக பாஸ்டன் வணிகர்கள் கொடுத்த பரிசு, மூடியோடு ஒன்றேகால் அடி உயரம். மேப்பிள்நிழல் அக்கா கையில் இருக்கும் கிண்ணமும் அதே பட்டறையிலிருந்து வந்ததுதான்.

பக்கத்தில் இருக்கும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா. ரெவியர் 1768-ல் செய்த ‘சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’ (பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த குழு) கிண்ணம் அங்கே இருக்கிறது. மன்னராட்சிக்குப் பணிய மறுத்த 92 சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மரியாதையாக 15 பேர் காசு போட்டுச் செய்யச் சொன்னது, அந்த 15 பேர் பெயரும் விளிம்பைச் சுற்றி இருக்கிறது. 1949-ல் அருங்காட்சியகம் அதை வாங்கியபோது பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் 700 நன்கொடைகள் கொடுத்தார்கள். அதே கட்டடத்தில் காப்லி வரைந்த ரெவியர் படமும் உண்டு, கையில் தேநீர்க் குடுவையோடு. அது 1930 வரை ரெவியர் சந்ததியாரிடமே இருந்தது.

மேப்பிள்நிழல்
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆவணப்பெட்டி சொன்ன வழியிலேயே போனேன். பாட்டியைப் பார்த்துக் கேட்டேன், துண்டுக் காகிதத்தின் கையெழுத்து அவருடைய அம்மாவின் அம்மாவுடையது. அங்கிருந்து பின்னோக்கிப் போய், ‘எஸ்’ கிடைத்துவிட்டார். 1795-ல் பிறந்து 1817-ல் கல்யாணம். அவருடைய தாத்தாவும் பாட்டியும்தான் ‘ஐ’யும் ‘எம்’மும், 1741-ல் கல்யாணம். அன்று நூலகத்தில் சத்தம் போட்டுவிட்டேன்.

‘ஐ’யின் சொத்துப் பட்டியலில் ‘வெள்ளிப் பாத்திரங்கள் 31 அவுன்ஸ்’ என்று மொத்தமாக ஒரே வரி. ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ‘எம்’மின் உயில் 1798-ல் இருக்கிறது. "என் வெள்ளிப் பாரிஞ்சர் என் பேத்தி ‘எஸ்’ஸுக்கு." அப்போது அந்தக் குழந்தைக்கு மூன்று வயது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஐ’யின் பட்டியலில் வெள்ளிக்கு இரண்டு வரி கீழே ஒரு ‘நீக்ரோ ஆள்’, விலை போட்டு. பெயர்கூட இல்லை. வெள்ளிக்கு எடை எழுதியிருக்கிறார்கள், அவருக்குப் பெயர் எழுதவில்லை. அன்றைக்கு மேலே படிக்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆவணப்பெட்டி
அக்கா, அந்த வரியையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள். மாசசூசெட்ஸில் நீதிமன்றத் தீர்ப்புகளால் 1783 வாக்கில்தான் அடிமைமுறை முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய பட்டியல்களில் இது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்த கைகளில் அவருடையதும் இருந்திருக்கலாம். வெள்ளியே தென் அமெரிக்காவின் பொட்டோசி போன்ற சுரங்கங்களில் கட்டாய உழைப்பில் வந்தது. கோனியும் எட்வர்ட் வின்ஸ்லோவும் செய்த அழகான சர்க்கரைப் பெட்டிகளுக்குள் இருந்தது கரீபியத் தோட்டச் சர்க்கரை.

அந்தத் தொழிலிலேயே கறுப்பர்கள் இருந்தார்கள், ஆனால் முத்திரை முதலாளியுடையது. தன் பெயரிலேயே முத்திரை வைத்தவராக நமக்கு அடையாளம் தெரிந்த தொடக்க கால ஆப்பிரிக்க வம்சாவளி வெள்ளிக்காரர் பீட்டர் பென்ட்சன். கரீபியத்தில் பிறந்து, பிலடெல்பியாவிலும் செயின்ட் க்ராய் தீவிலும் 1800களின் முதல் பாதியில் வேலை செய்தார். அவர் முத்திரை உள்ள ஒரு ஸ்பூனை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஏலக்கூடம்
நான் முன்பு எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். உயிலின் நகல் கிண்ணத்தோடு இருந்தால் வியாபாரக் கணக்கிலும் பிரிப்பது தப்புதான். அதைவிட, அந்த மூன்று வயதுக் குழந்தை விஷயம் மனதில் நின்றுவிட்டது. என்ன முடிவு எடுத்தாலும் பாட்டியிடம் கையெழுத்தோடு ஒரு பரிசுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

மேப்பிள்நிழல்
நேற்று போய் வந்தேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன், உயிலின் நகலையும். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் படித்துக் காட்டினேன். ‘எம்’மின் முழுப் பெயரைச் சொன்னதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அவருடைய நடுப்பெயர் அதே பெயர். ஏன் வைத்தார்கள் என்று அவருக்கு இத்தனை வருடம் தெரியாது. அம்மாவும் சொன்னதில்லையாம். கிண்ணத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

‘எம்’மிலிருந்து இவர் வரை எண்ணினால் ஆறு பெண்கள். ஐந்து முறை கை மாறியிருக்கிறது, கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் குடும்பப் பெயரும் மாறியிருக்கிறது. ஒரு ஆண் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியிருந்தால் பாதியிலேயே விட்டிருப்போம்.

"ஸ்பூன் ஐந்துதானே இருக்கிறது, ஆறாவது எங்கே?" என்று கேட்டேன். தன் அக்காவுக்குக் கல்யாணமானபோது ஒன்றைக் கொடுத்தாராம். அங்கேயே அக்கா மகளுக்குப் போன் போட்டோம். அவர் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சர்க்கரை ஜாடிக்குள் கிடக்கிறது. ‘எஸ் எச்’ என்றால் கடைப் பெயர் என்று நினைத்திருந்தாராம். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

முடிவு பாட்டியுடையது. அவர் இருக்கும்வரை கிண்ணம் அவர் மேஜையில், பிஸ்கட் போட்டுக்கொள்ள. பிறகு அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு. ஸ்பூன்களைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவோ பார்த்தேன், வாங்கவில்லை. மூன்றை நான் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு அந்தக் குழந்தைக்கு, ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு சேர்த்து அவளுக்கும் மூன்று. பிரிக்காதீர்கள் என்று நீங்கள் எல்லாம் சொன்னீர்கள். ஆனால் அவர் சொல்லும்போது என்னால் மறுக்க முடியவில்லை. இரண்டு வீட்டிலும் உயிலின் நகலும் துண்டுக் காகிதத்தின் படமும் இருக்கும்.

புதிதாக ஒரு குறிப்பு எழுதிக் கிண்ணத்துக்குள் வைக்கச் சொன்னார் பாட்டி. ஆறு பெண்களின் பெயர், ஹர்ட் செய்தது, எடை, பட்டியலில் பெயர் இல்லாமல் இருந்த அந்த மனிதர், எல்லாம். எதில் எழுதுவது? சாதாரணப் பேனா போதுமா?

ஆவணப்பெட்டி
பேனா வேண்டாம் அக்கா. அமிலம் இல்லாத காகிதத்தில் பென்சிலால் எழுதுங்கள், மை மங்கும், பென்சில் நிற்கும். வெள்ளியின் மேல் நேரடியாகப் படாமல் ஒரு உறைக்குள் போடுங்கள். பழைய துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அதையும் அதே உறையில் வையுங்கள். கீழே தேதியும், எழுதியது நீங்கள் என்பதும் இருக்கட்டும்.

மேப்பிள்நிழல்
சரி. என் பெயரைத் தமிழிலும் எழுதட்டுமா என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன்.